துண்டு போட்டுவிட்டு இறங்கிப் போன வண்டிகள்

காலை 6:20-க்கு குலசேகரத்திலிருந்து போன்.

"தம்பி, எனக்க மூணாம் நம்பர் வண்டி நேத்து மத்தியானம் முதல் கோதையாறு ரோட்டுலயே நிக்குதுன்னு ஒனக்க மேப்பு காட்டுது. வண்டி இஞ்ச எனக்க முன்னாடி நிக்குது. டிரைவர் பானெட்டுல சாஞ்சு நின்னு சாயா குடிக்கான்."

"புள்ளி பச்சையா இருக்கா, செவப்பா அண்ணே?"

"பச்சையாத்தான் இருக்கு. செவப்பா இருந்தா நான் ஏன் ஒன்னைக் கூப்பிடுதேன்?"

அவர் கேட்டது நியாயம்தான். பச்சை என்றால் வண்டி சர்வரோடு தொடர்பில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தைக் கொடுத்தவன் நான். அது எவ்வளவு பெரிய பொய் என்று புரிந்துகொள்ளவும், புரிந்ததைச் சரிசெய்யப் போய் இன்னும் இரண்டு தடவை சொதப்பவும் எனக்கு மூன்று வாரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் களம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரம். அண்ணனுக்கு ரப்பர் பால் எடுக்கிற தொழில். விடிவதற்கு முன்பே பால்வெட்டு நடந்துவிடும். சிரட்டையில் வடிந்ததைச் சேர்த்து வைத்தால் வண்டி வந்து வாங்கி, அமோனியா கலந்து பீப்பாயில் அடைத்துக் கொண்டுபோக வேண்டும். வண்டி பிந்தினால் பால் கட்டியாகிவிடும், அப்புறம் விலையும் கட்டிக்குண்டான விலைதான். அதனால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குக் காசு விஷயம். ஜீப், பிக்கப், மினி லாரி என்று மொத்தம் 41 வண்டி. திருநந்திக்கரை, பொன்மனை, கடையால், ஆறுகாணி, பேச்சிப்பாறை என்று பல வழிகள். அதில் 11 வண்டி மலை வழியில் ஓடுபவை.

ஒவ்வொரு வண்டியிலும் சிம் போட்ட ஒரு சின்ன ஜிபிஎஸ் டிராக்கர். மும்பையில் இருக்கிற என் வாடகை சர்வருக்கு அது ஒரு டிசிபி இணைப்பு போடும் (அனுப்பிய பாக்கெட் தொலையாமல் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் இணைய விதிமுறைதான் டிசிபி). முதல் பாக்கெட்டில் தன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சொல்லி லாகின் ஆகும். வண்டி ஓடும்போது 20 விநாடிக்கு ஒரு தடவை இருப்பிடம் அனுப்பும். சாவியை அணைத்துவிட்டால் 3 நிமிஷத்துக்கு ஒரு ஹார்ட்பீட், அதாவது 'நான் இருக்கேன்' என்கிற ஒரு சின்னப் பாக்கெட். லாகினுக்கும் ஹார்ட்பீட்டுக்கும் மட்டும் சர்வர் பதில் சொல்ல வேண்டும். இருப்பிடப் பாக்கெட்டுக்குப் பதில் தேவையில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

சர்வர் பைத்தானில், ஒரே நேரத்தில் பல இணைப்புகளைக் கவனிக்க உதவும் அசிங்க்ஐஓ நூலகத்தை வைத்து நானே எழுதியது. ஓர் இணைப்புக்கு ஒரு கோரூட்டின், அதாவது காத்திருந்து தொடரக்கூடிய ஒரு குட்டி வேலை. படி, பிரி, டேட்டாபேஸில் போடு, மறுபடி படி. மறுமுனை மூடினால் வெளியே வா. பார்க்க லட்சணமாக இருக்கும்.

தக்கலையில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து சர்வர் எழுதி வைக்கும் லாக் பார்த்தேன். 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்', விநாடிக்கு ஒரு வரி, முந்தின நாள் மதியத்திலிருந்து. லினக்ஸில் சாக்கெட்டும், அதாவது இணைப்பின் நம் பக்கத்து முனையும், ஒரு ஃபைல் கணக்குதான். ஒரு ப்ராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) வழக்கமான வரம்பு 1024. வரம்பு முட்டினால் புது இணைப்பை ஏற்க முடியாது. அசிங்க்ஐஓ கொஞ்சம் நாகரிகமானது, ஒரு விநாடி காத்திருந்து மறுபடி முயலும். எந்த இணைப்பில் என்ன வந்தது என்று கெர்னலிடம் (லினக்ஸின் மையப்பகுதி) கேட்கும் ஈபோல் லூப்பைக் கையால் எழுதியவர்களுக்கு இதே நிலைமை வந்தால் வேறு மாதிரி இருக்கும். வாசலில் ஆள் நிற்கிறார் என்று கெர்னல் சொல்லிக்கொண்டே இருக்கும், உள்ளே விட இடமில்லை என்று நிரல் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கும், சிபியு 100 சதவீதத்தில் போய் நிற்கும்.

41 வண்டிக்கு எதற்கு ஆயிரம் சாக்கெட்? இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை போட்டு எஸ்டாப்ளிஷ்டு, அதாவது திறந்திருக்கும் நிலையில் இருப்பவற்றை எண்ணினேன். 1011. லாகின் லாகோடு ஒத்துப் பார்த்தால் மூணாம் நம்பர் வண்டியின் பெயரில் மட்டும் 163. ஒரே ஜீப் 163 இடத்தில் உயிரோடு இருக்கிறது. மலை வழி வண்டி 11-ம் சேர்ந்துதான் கணக்கில் பெரும்பகுதி. நாகர்கோவில் பக்கமே சுற்றும் வண்டிகளுக்கு ஒன்று, மிஞ்சினால் மூன்று.

சர்வரைக் கடைசியாக ரீஸ்டார்ட் செய்து 23 நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தடவை எதையாவது திருத்தி ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருந்ததால் குப்பை சேரும் முன்பே பெருக்கப்பட்டிருக்கிறது. நிரல் நன்றாக ஓடுகிறது என்று கை வைக்காமல் விட்ட பிறகுதான் மூச்சு முட்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு போகிற ரோட்டில் சிக்னல் போய்விடும். வண்டி திரும்பி வந்ததும் டிராக்கரின் மோடம் நெட்வொர்க்கில் புதிதாகச் சேரும், புதிதாக ஒரு இணைப்பு போடும். பழைய இணைப்பை மூடுகிறேன் என்று சர்வரிடம் அது சொல்லவே இல்லை. சொல்ல வழியும் இல்லை, சொல்ல வேண்டிய நேரத்தில் அது காட்டுக்குள் இருந்தது. சர்வர் பக்கம் பார்த்தால் பழைய இணைப்பில் ஒரு குறையும் கிடையாது. யாரும் 'முடித்துக்கொள்கிறேன்' என்கிற ஃபின் அனுப்பவில்லை, 'அறுத்துவிட்டேன்' என்கிற ரீசெட் அனுப்பவில்லை. ஆள் பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. துண்டு கிடக்கிற வரைக்கும் அந்த சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். துண்டுக்காரர் வேறு பஸ் ஏறிப் போய்விட்டார் என்று துண்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

டிசிபியின் வடிவமைப்பே அப்படி. இரண்டு பக்கமும் ஒன்றும் அனுப்பாவிட்டால் கம்பியில் எதுவுமே போகாது. நடுவில் உள்ள கம்பியை ஒரு மணி நேரம் பிடுங்கி வைத்துத் திரும்பச் செருகினாலும், இரண்டு முனையும் அந்த நேரத்தில் பேசாமல் இருந்தால் இணைப்பு அப்படியே இருக்கும். நல்ல குணம்தான் அது. நமக்குத்தான் சங்கடம். சர்வர் ஏதாவது அனுப்பி அதற்கு 'வந்து சேர்ந்தது' என்கிற ஏக்னாலெட்ஜ்மென்ட் வராமல் போனால் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, வழக்கமான அமைப்பில் சுமார் 15 நிமிஷத்தில் கைவிடும். ஆனால் ஓடும் வண்டி கடைசியாக அனுப்பியது இருப்பிடப் பாக்கெட். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கொடுக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லாததால், மறுமுனை செத்ததைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் சர்வருக்கு இல்லை. மூடு என்று யாராவது சொல்லும் வரை அது காத்திருக்கும்.

அன்று காலையில் செய்தது வெறும் ரீஸ்டார்ட். ஐந்து நிமிஷத்தில் எல்லா வண்டியும் மேப்பில் சரியான இடத்துக்கு வந்தது. அண்ணன் "செரியாச்சு" என்று வைத்துவிட்டார். செரியாகவில்லை என்பது எனக்குத் தெரியும். வரம்பை 65,536 ஆக்கிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று ஓர் ஆசை வந்தது. அது 23 நாளில் வருகிற போனை மூன்று நான்கு வருஷத்துக்குத் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்டாலும் பச்சைப் புள்ளி பொய் சொல்வது நிற்காது. 4096 ஆக்கினேன். அது வைத்தியம் பார்க்க நேரம் வாங்குவதற்கு.

அடுத்து, இதை மேசையில் வரவழைக்க வேண்டும். டிராக்கர் மாதிரி நடிக்கும் ஒரு குட்டி நிரல் எழுதி, லாகின் ஆக்கி, கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினேன். சர்வர் உடனே 'மறுமுனை மூடியது' என்றது. நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 போட்டேன். அதே. ஒரு மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது: ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் அதன் சாக்கெட்டுகளை மூடி ஃபின் அனுப்புவது கெர்னல். கெர்னல் உயிரோடு இருக்கும் வரை கௌரவமான சாவுதான் நடக்கும். எனக்கு வேண்டியது சொல்லாமல் கொள்ளாமல் போவது. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்த போர்ட்டுக்குப் போகிற, வருகிற பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் ட்ராப் செய்யச் சொன்ன பிறகுதான் பேய் இணைப்பு கைக்கு வந்தது. ரிஜெக்ட் போட்டாலும் ஆகாது, அது மறுமுனைக்குச் சேதி சொல்லிவிடும்.

நிஜ டிராக்கரையும் சோதிக்க ஆசைப்பட்டு அண்ணனின் ஜீப்பில் ஒரு நாள் ஏறிப் போனேன். பேச்சிப்பாறை அணையைத் தாண்டினதும் லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து சிக்னல் போவதைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது. டிரைவர் சிரிக்கவில்லை, அந்த அளவில் மரியாதை. திரும்பி வந்து, அம்மையின் அலுமினியச் சருவத்துக்குள் உபரி டிராக்கரையும் ஒரு 12 வோல்ட் பேட்டரியையும் வைத்து மூடினேன். மூடி இடுக்கு வழியாக சிக்னல் ஒழுகியது. டிராக்கரை மட்டும் அலுமினிய ஃபாயிலில் நாலு சுற்று சுற்றின பிறகுதான் ஆள் அடங்கியது. அந்த வாரம் முழுக்க என் கோதையாறு ரோடு அந்தச் சருவம்தான்.

முதல் மருந்து, எல்லோரும் சொல்கிற கீப்அலைவ். சாக்கெட்டில் அதை இயக்கிவிட்டால், இணைப்பு பேசாமல் இருக்கும்போது கெர்னலே ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பி 'இருக்கியா' என்று கேட்கும். 1989 அக்டோபரில் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1122, இது இயல்பாக அணைந்திருக்க வேண்டும் என்றும், இயல்பு இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. ஏன் இவ்வளவு தயக்கம் என்பதற்கு அதிலேயே காரணமும் உண்டு: தற்காலிகக் கோளாறில் நல்ல இணைப்பை வெட்டிவிடலாம், வீணாக இணைப்பின் கொள்ளளவைத் தின்னலாம், பாக்கெட்டுக்குக் காசு வாங்கும் வழியில் செலவு வைக்கலாம். மூன்றுமே நம்ம சிம் கார்டுக்குப் பொருந்துகிறது.

லினக்ஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. இயல்பு அமைப்பில் 7200 விநாடி பேச்சில்லாமல் இருந்தால் முதல் கேள்வி, பதில் இல்லையென்றால் 75 விநாடி இடைவெளியில் மொத்தம் 9 கேள்வி. கூட்டினால் 7875 விநாடி, அதாவது 2 மணி 11 நிமிஷம் 15 விநாடி. பால் கட்டியாக அது போதும். நல்லவேளை, சாக்கெட் வாரியாக மாற்றலாம். 120 விநாடி, 30 விநாடி, 4 தடவை என்று வைத்தேன். நாலு நிமிஷத்தில் தீர்ப்பு. சருவத்தை மூடினேன், நாலு நிமிஷத்தில் சர்வர் இணைப்பை விட்டது. ஒரு வாரம் ஓடவிட்டேன். எண்ணிக்கை 50-ஐத் தாண்டவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது 17-ம் நம்பர் பிக்கப். பச்சைப் புள்ளி, நாலு மணி நேரமாக அருமனை சந்தியில். வண்டியோ மார்த்தாண்டத்தில். எஸ்எஸ் பார்த்தால் அந்த வண்டிக்கு ஒரே ஓர் இணைப்பு, கீப்அலைவ் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருக்கிறது. டேட்டா மட்டும் இல்லை. டிராக்கரின் நிரல் எங்கேயோ தொங்கிவிட்டது. அதன் மோடத்துக்குள் இருக்கிற டிசிபி அடுக்கு மட்டும் உயிரோடு இருந்து, கேட்டதற்கெல்லாம் 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறது. தலைவர் படுத்துவிட்டார், வாசலில் கூர்க்கா சல்யூட் அடிக்கிறார்.

கீப்அலைவ் சொல்வது மறுமுனையின் கெர்னல் இருக்கிறது என்பதை மட்டும்தான். மறுமுனையின் நிரல் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது. நடுவில் ப்ராக்ஸி என்கிற இடைத்தரகு சர்வர் வைத்திருந்தால் இன்னும் மோசம், அந்தக் கேள்வி ப்ராக்ஸி வரைக்கும் போய்த் திரும்பிவிடும். எனக்கு வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி கடைசியாகப் புரிகிற மாதிரி ஏதாவது சொன்னது எப்போது? அதை நான்தான் எண்ண வேண்டும்.

எண்ணப் போனேன், அவசரப்பட்டேன். ஓடும் வண்டி 20 விநாடிக்கு ஒரு தடவை பேசுகிறதே, 60 விநாடி சும்மா இருந்தால் வெட்டிவிடலாம் என்று படிக்கிற இடத்தில் ஒரு டைம்அவுட் வைத்தேன். பகலில் அருமையாக ஓடியது. சாயங்காலம் வண்டிகள் ஷெட்டுக்குப் போயின. சாவி அணைந்ததும் பேச்சு 3 நிமிஷத்துக்கு ஒன்றாகிவிடும் என்பதை, அந்த டிராக்கரை நானே அமைத்திருந்தும், மறந்தேன். 60 விநாடியில் சர்வர் வெட்டும். பத்து விநாடியில் டிராக்கர் மறுபடி வரும், லாகின் ஆகும், சும்மா இருக்கும். மறுபடி வெட்டு. காலையில் லாகில் 20,000-த்துச் சொச்சம் லாகின். வழக்கமாக ஒரு ராத்திரிக்கு 50 கூட வராது.

டிராக்கர்கள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இரண்டு பழைய ஜீப் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியே பழசு என்பது இன்றைக்கும் என் கட்சி. ஆனால் அன்று காலை ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் அதை நான் வாதாடவில்லை.

அப்புறம்தான் நிதானமாகக் கணக்குப் போட்டேன். சும்மா இருக்கும் கிளையன்ட் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பேசும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறதோ, அதுதான் அளவுகோல். 3 நிமிஷம். ஒன்று தவறினால் வெட்டக் கூடாது. டிசிபியில் பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பப்படும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவை தோற்றதும் அடுத்த முயற்சிக்கான இடைவெளி இரட்டிக்கும். இரண்டு நிமிஷம் சிக்னல் இல்லாத வளைவைத் தாண்டி வந்த பிறகும் அடுத்த முயற்சிக்கு இன்னும் ஒரு நிமிஷம் ஆகலாம். அதனால் மூன்று ஹார்ட்பீட், 540 விநாடி, மேலே ஒரு நிமிஷம் பெருமனசு. 600 விநாடி.

லாகின் ஆகாதவர்களுக்கு இந்தப் பெருமனசு கிடையாது. பொது ஐபியில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால் ஊரில் உள்ளவன் எல்லாம் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பான். ஒன்றும் பேசாமல் நிற்பவன், வெப் சர்வர் என்று நினைத்துப் பேசுபவன், எல்லாம் உண்டு. இணைந்து 30 விநாடிக்குள் சரியான லாகின் வரவில்லையென்றால் வெளியே. இதில் ஒரு நுணுக்கம், ஒவ்வொரு பைட் வரும்போதும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கக் கூடாது. 2009-இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் தாக்குதலின் வித்தையே அதுதான், கோரிக்கையை முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டு சர்வரைக் காக்க வைப்பது. முழுப் பாக்கெட் வந்து, அதன் செக்சம் (பிழை சோதிக்கும் எண்) சரியாக இருந்தால் மட்டுமே கடிகாரம் திரும்பும். 17-ம் நம்பர் டிராக்கர் தொங்குவதற்கு முன் கொஞ்சம் அரைகுறைக் குப்பையும் அனுப்பியிருந்தது, அதையும் இந்த விதி பிடித்தது.

கடிகாரம் என்றதும் ஒன்று. கணினியின் சுவர்க்கடிகார நேரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நேரத்தைச் சரிசெய்யும் சேவை அதை முன்னும் பின்னும் நகர்த்தும். பின்னால் போகாத மானோடோனிக் கடிகாரம் என்று தனியாக உண்டு, அதை எடுங்கள்.

கீப்அலைவையும், ஒவ்வொரு இணைப்பிலும் படிக்கிற இடத்தில் தனித்தனி டைமர் வைப்பதையும் விட்டுவிட்டு, செத்த இணைப்புகளைக் கூட்டித் தள்ளும் ஒரே ஒரு பெருக்குபவனை வைத்தேன். லாகின் ஆன எல்லோருக்கும் ஒரே 600 விநாடி என்பதால் இது மிகச் சுலபம். இணைப்புகளை வரிசை காக்கும் ஓர் அகராதியில் வைத்துக்கொள்வது, சரியான பாக்கெட் வந்ததும் அந்த இணைப்பை வரிசையின் கடைசிக்கு நகர்த்துவது. அப்படியானால் வரிசையின் தலையில் நிற்பவர்தான் ரொம்ப நேரம் பேசாதவர். 15 விநாடிக்கு ஒரு தடவை தலையிலிருந்து பார்க்க வேண்டும், கெடு தாண்டியவரை மூட வேண்டும், கெடு தாண்டாத முதல் ஆளைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அவரைவிடச் சமீபத்தில் பேசியவர்கள், பார்க்கவே வேண்டாம். லாகின் ஆகாதவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு வரிசை, அதில் நகர்த்தல் மட்டும் கிடையாது. ஆளுக்கொரு கெடு என்றால் இந்த வித்தை பலிக்காது. அதற்கு, கெடு வாரியாக ஆட்களை ஒரு சுழலும் வட்டத்தில் அடுக்கும் டைமிங் வீல் என்று 1987-லேயே ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். 41 வண்டிக்கு அதெல்லாம் யானை கட்டித் தீனி போடுவது. இந்த வரிசையே கூட அதிகம்தான், ஆனால் எழுதின பிறகு படிக்கச் சுகமாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

மூடின பிறகும் எஸ்எஸ் பட்டியலில் கொஞ்சம் பேர் ஃபின்-வெயிட்-1 என்று தொங்குவதைப் பார்த்துப் பயந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. வரம்பில் எண்ணப்படும் ஃபைல் டிஸ்கிரிப்டர் நமக்குத் திரும்ப வந்துவிட்டது. கெர்னல் மட்டும் இல்லாத ஆளுக்கு ஃபின் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே விட்டுவிடும். சாக்கெட்டின் லிங்கர் என்கிற அமைப்பைப் பூஜ்யமாக்கி ரீசெட் அடித்து உடனே ஒழித்துக்கட்டலாம். இந்த எண்ணிக்கைக்கு அது தேவைப்படவில்லை.

இந்த மாற்றங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றினேன். திங்கள் 9 மணிக்கு மறுபடி போன்.

"மக்ளே, இப்ப வண்டியே மேப்புல இல்ல. எட்டாம் நம்பரு ஓடிட்டு இருக்கான், நான் அவன்கிட்ட இப்பத்தான் பேசினேன். ஒனக்க மேப்புல செவப்பு."

முன்பு செத்தவன் பச்சை, இப்போது ஓடுபவன் சிவப்பு. லாகைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் 8:31-க்குச் சிக்னல் போய், 8:34-க்குப் புது இணைப்பில் லாகின். அதன் பிறகு 20 விநாடிக்கு ஒன்று, ஒன்றுகூடத் தவறாமல் பாக்கெட். 8:41-க்கு 'எட்டாம் நம்பர் துண்டிப்பு'. அதற்கப்புறமும் பாக்கெட் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் மேப்பில் இல்லை. அடுத்து 22-ம் நம்பரைப் பார்த்தேன், அதே கதை. சிக்னல் போனதிலிருந்து பத்து நிமிஷத்தில் துண்டிப்பு. பத்து நிமிஷம் என்பது வேறு யாருடைய எண்ணும் இல்லை, நான் வைத்த 600.

ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் இணைப்பைத் தருகிற ஓர் அட்டவணை வைத்திருந்தேன். புது லாகின் வந்ததும் அதில் புது இணைப்பு ஏறிவிடும், பழையது தள்ளப்படும். ஆனால் பழைய இணைப்பின் கோரூட்டின் இன்னும் படிக்கக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்துப் பெருக்குபவன் அதை மூடுகிறான். அது சாகும்போது தன் இறுதிக் கடமையைச் செய்கிறது: அட்டவணையிலிருந்து எட்டாம் நம்பரை நீக்கு, சிவப்பாக்கு. அந்த இடத்தில் இப்போது இருப்பது தான் இல்லை, தன் வாரிசு என்று அதற்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவன் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

பழைய சர்வரிலும் இந்தப் பிழை இருந்திருக்கிறது. ஆனால் அங்கே பேய்கள் சாகவே இல்லையே, அதனால் யாருடைய இறுதிக் கடமையும் நடக்கவில்லை. கீப்அலைவ் மட்டும் இருந்த வாரத்தில் இது எப்போதாவது வந்திருக்கும். லாகைத் திரும்பப் பார்த்தேன், ஏழெட்டுத் தடவை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் மேப்பைப் பார்க்க ஆளில்லை போல.

திருத்தம் ஒரே வரி. நீக்குவதற்கு முன், அட்டவணையில் இருப்பது நான்தானா என்று பார். நானில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வெளியே போ. கூடவே இன்னொன்று, பத்து நிமிஷம் காத்திருக்கவே வேண்டாம். அதே ஐஎம்இஐ புதிதாக லாகின் ஆனால் பழைய இணைப்பு செத்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எதற்கு? அந்த இடத்திலேயே பழையதை மூடு. துண்டுக்காரர் அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு துண்டை எடுக்க யோசிப்பானேன். சொல்லப்போனால் பேய்களில் பெரும்பங்கை இப்போது ஒழிப்பது இந்த விதிதான். 600 விநாடிக் கெடு திரும்பி வராதவர்களுக்கு மட்டும்.

சருவத்தில் வைத்து நாலு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு அன்று மதியமே ஏற்றினேன். வேலை நேரத்தில் ஏற்றக் கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டத்தை மீறித்தான்.

கடைசியாகப் பச்சைப் புள்ளி. இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மேப்பில் காட்டுவதையே எடுத்துவிட்டேன். அண்ணனுக்கு இணைப்பு எதற்கு? இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் 'கடைசிப் பேச்சு: 40 விநாடி முன்', 'கடைசிப் பேச்சு: 1 மணி 12 நிமிஷம் முன்' என்று வருகிறது. மலைக்குள் போன வண்டி ஒரு மணி நேரம் பேசாது என்று அவருக்கே தெரியும். நாகர்கோவில் வண்டி ஒரு மணி நேரம் பேசாவிட்டால் டிரைவருக்குப் போன் போடுவார். பார்த்துவிட்டு, "இது முதல்லேயே போட்டிருக்கலாமே" என்றார். போட்டிருக்கலாம்.

மாற்றி ஏழு வாரம் ஆகிறது. சர்வர் ரீஸ்டார்ட் ஆகவில்லை. இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 43 இணைப்பு. 41 வண்டி, சருவத்துக்குள் என் உபரி டிராக்கர், கதவைத் தட்டிப் பார்க்கும் யாரோ ஒருவர். மூணாம் நம்பர் ஜீப் நேற்று மட்டும் 9 தடவை அறுந்து 9 தடவை திரும்பியிருக்கிறது, அதன் பெயரில் எந்த நேரத்திலும் ஒன்றுக்கு மேல் இல்லை.

17-ம் நம்பர் டிராக்கர் இன்னும் மாதத்துக்கு இரண்டு தடவை தொங்குகிறது. இப்போது பத்து நிமிஷத்தில் சர்வருக்குத் தெரிந்துவிடும், எனக்கு ஒரு மெசேஜ் வரும், நான் டிரைவருக்குப் போன் போடுவேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, ஃபியூஸைக் கழற்றி மாட்டுவார்.